சட்டாம்பிள்ளையும் புத்தக அலமாரியும்

தாம்பரத்துக்குத் தெற்கே ஒரு கல்லூரியில் என்னைப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். கூட்டம் பதினொரு மணிக்கு. எங்கே போவதானாலும் ஒரு மணி நேரம் முன்னால் போய் நிற்கிற வியாதி எனக்கு உண்டு. பத்து மணிக்கே போய் இறங்கிவிட்டேன். அழைத்தவர்களுக்குத் தர்மசங்கடம், என்னை எங்கே உட்கார வைப்பது என்று கொஞ்சம் யோசித்துவிட்டு, கடைசியில் நூல்நிலையத்தில் கொண்டுபோய் விட்டார்கள்.

அங்கே வாசற்படியில் ஒரு பையன் நின்றுகொண்டிருந்தான். அன்றுதான் கல்லூரி திறந்து மூன்றாவது நாளோ நான்காவது நாளோ. பையை மார்போடு அணைத்துக்கொண்டு, ஒரு காலில் செருப்பைக் கழற்றிவிட்டு, மற்றக் காலில் கழற்றுவதா வேண்டாமா என்று தயங்கிக்கொண்டிருந்தான். சட்டையில் மஞ்சள் அட்டை குத்திக்கொண்டிருந்த ஒரு பெண் அவனிடம் போனாள். பார்த்தால் அவனைவிட ஒரு வயசு மூத்தவளாக இருக்கலாம்.

"செருப்பெல்லாம் கழட்ட வேணாம் தம்பி. உள்ள வா. என்ன வேணும்?"

"ஒண்ணும் வேணாம்க்கா. சும்மா பாக்க வந்தேன்."

"சும்மா பாக்கத்தான் வச்சிருக்கு. வா."

அவனைக் கணினிக்கு முன்னால் உட்கார வைத்தாள். எந்த ஊர், என்ன பாடம் என்று விசாரித்தாள். அவன் ஏதோ ஒரு பெயரைச் சொல்ல, அதை அவனையே அடிக்கச் சொன்னாள். திரையில் வந்த எண்ணைத் துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொள்ளச் சொல்லி, அலமாரிகளுக்கு நடுவே அழைத்துப்போனாள். அவள் கை எந்தப் புத்தகத்தின் மேலும் படவில்லை என்பதைக் கவனித்தேன். தேடியவனும் அவன்தான், எடுத்தவனும் அவன்தான். பத்து நிமிஷத்தில் ஜன்னலோரத்து மேஜையில் அவன் படித்துக்கொண்டிருந்தான்.

லைப்ரேரியன் என் பக்கத்தில் வந்து நின்றார். தலை நரைத்த மனிதர். "நான் போய் 'என்னப்பா வேணும்'னு கேட்டிருந்தா ஓடியிருப்பான் சார்" என்றார். வருஷா வருஷம் இரண்டாம் வருஷத்து மாணவர்களில் இருபது பேரைப் பொறுக்கி, புதிதாக வருகிறவர்களுக்கு வழிகாட்டிகளாக வைத்துக்கொள்கிறாராம். "இங்க வர்றதுல பாதிப் பேர் வீட்லயே முதல் ஆளா காலேஜ் படிக்கிறவங்க. அவங்களுக்கு என்னைப் பாத்தா பயம். இதுங்களைப் பாத்தா பயம் இல்ல."

பெரிய சர்வகலாசாலைகளில் இப்படிச் செய்கிறார்கள் என்று படித்திருக்கிறேன். மாணவன் வெறும் வாசகன் அல்ல, நூல்நிலையத்தின் கூட்டாளி என்பது இப்போது உலகெங்கும் பேசப்படுகிற பேச்சு. எனக்கு அன்றைக்கு நினைவுக்கு வந்தது வேறு ஒரு மனிதன்.

கல்லூரியில் நான் படித்தது இரண்டே வருஷம். அந்தக் கல்லூரியின் பெயர் இங்கே வேண்டாம். தினமும் பல்லாவரத்திலிருந்து மீட்டர்கேஜ் மின்சார ரயிலில் போய் வருவேன். அங்கே நூல்நிலையம் என்பது கம்பி வலை போட்ட ஒரு ஜன்னல். வலையில் கை நுழையும் அளவுக்கு ஒரு பொந்து. நமக்கு வேண்டிய புத்தகத்தின் எண்ணைச் சீட்டில் எழுதி அந்தப் பொந்து வழியாக நீட்ட வேண்டும். சீட்டு உள்ளே போகும். சிறிது நேரம் கழித்து "இல்லை" என்ற ஒரு சொல் வெளியே வரும். முதல் மூன்று மாதம் எனக்கு ஒரு புத்தகமும் கிடைக்கவில்லை. எந்தச் சீட்டுக்கும் பதில் "இல்லை"தான் என்றே நம்பிக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் வலைக்கு உள்ளே வேறொரு முகம் தெரிந்தது. மூன்றாம் வருஷத்து மாணவர், மதுராந்தகம் பக்கம். கிழிந்த அட்டைகளுக்குப் பசை தடவி ஒட்டுவதும், முதுகில் எண் எழுதுவதும், திரும்பி வந்த புத்தகங்களை அடுக்குவதும் அவர் வேலை. சம்பளம் கிடையாது. விடுதியில் இடம் கிடைக்காதவர். சாயங்காலம் விளக்கு அணைக்கும்வரை உள்ளே உட்கார்ந்து படித்துக்கொள்ளலாம் என்பதுதான் கூலி.

"நீ கேக்குற புஸ்தகம் இருக்குடா. நம்பரைத்தான் தப்பா எழுதுற" என்றார். புள்ளிக்கு முன்னால் என்ன, பின்னால் என்ன என்று சொல்லிக் கொடுத்தார். பிறகு நான் கேட்காத புத்தகங்களையும் பொந்து வழியாக நீட்ட ஆரம்பித்தார். "படி. புரியலன்னா பரவாயில்ல. திருப்பிக் குடுக்கிறப்ப எங்க புரியலன்னு மட்டும் சொல்லு." அப்படிச் சொல்வதற்காகவே நான் கவனமாகப் படித்தேன். எனக்கு இலக்கியம் சொல்லிக் கொடுத்தவர் யார் என்று பேட்டி காண வருகிறவர்கள் கேட்பார்கள். பெரிய பெயர்களை எதிர்பார்ப்பார்கள். நான் இந்தப் பசை தடவிய அண்ணனைத்தான் சொல்வேன்.

அந்த வருஷக் கடைசியில் புத்தகங்களை எண்ணிப் பார்த்தார்கள். பதினொன்று குறைந்தது. வலைக்கு உள்ளே போய் வருகிறவர்களில் சம்பளப் பட்டியலில் இல்லாதவர் அவர் ஒருவர்தான். குற்றம் சாட்டியதாகச் சொல்ல முடியாது. நாளை முதல் வர வேண்டாம் என்று சொன்னார்கள், அவ்வளவுதான். நானும் வீட்டு நிலைமையால் அந்தக் கோடையோடு படிப்பை விட்டுவிட்டேன். பிறகு அவரை நான் பார்க்கவில்லை.

மாணவனுக்கு மாணவன் வழிகாட்டுவது என்பது மேல்நாட்டிலிருந்து நமக்கு இப்போதுதான் வந்த புதுச் சரக்கு என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு பழங்கதை சொல்ல வேண்டும். இது நம் ஊரிலிருந்து கப்பலேறிப் போன சரக்கு.

திண்ணைப் பள்ளிக்கூடத்தில் சட்டாம்பிள்ளை என்று ஒருவன் இருப்பான் அல்லவா? மூத்த மாணவன். வாத்தியாரிடம் தான் கற்றதை இளைய பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பான். வாத்தியார் இல்லாத நேரத்தில் அவனே வாத்தியார். இப்போது அந்தச் சொல்லை யாரும் நல்ல அர்த்தத்தில் சொல்வதில்லை. வீண் அதிகாரம் செய்கிறவனைத்தான் 'பெரிய சட்டாம்பிள்ளை' என்கிறோம். ஆனால் ஒரு காலத்தில் அவனைப் பார்த்து இங்கிலாந்தே அசந்துபோயிற்று.

ஸ்காட்லாந்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ் என்ற ஊரில் பிறந்த ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் 1787இல் சென்னைக்கு வந்தார். 1789இல் எழும்பூரில் ராணுவத்தாரின் அநாதைப் பையன்களுக்காக ஏற்பட்ட விடுதிப் பள்ளிக்கு அவர் மேற்பார்வையாளர் ஆனார். உபாத்தியாயர்கள் போதவில்லை, இருந்தவர்களும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. ஒரு நாள் குதிரைமேல் போகும்போது நம் ஊர்ப் பள்ளிக்கூடம் ஒன்றில் பிள்ளைகள் மணலைப் பரப்பி விரலால் எழுதிக்கொண்டிருந்ததைப் பார்த்தார். தம் பள்ளியிலும் அப்படிச் செய்யச் சொன்னார். முடியாது என்றார்கள் உபாத்தியாயர்கள். பெல் பிடிவாதக்காரர். எட்டு வயதுப் பையன் ஒருவனைக் கூப்பிட்டு, கீழ்வகுப்புக்கு மணலில் எழுத்துச் சொல்லிக் கொடுக்கும் பொறுப்பை ஒப்படைத்தார். பையன் சாதித்துக் காட்டினான். பிறகு பள்ளிக்கூடம் முழுவதுமே பையன்கள் பையன்களுக்குப் பாடம் சொல்வதாக மாறிவிட்டது.

1796இல் ஊர் திரும்பிய பெல், மறு வருஷம் லண்டனில் இதைப் பற்றி ஒரு சிறு நூல் வெளியிட்டார். 'மதராஸ் முறை' என்றே அதற்குப் பெயர் ஏற்பட்டது. ஜோசப் லங்காஸ்டர் என்பவர் லண்டனில் அதே மாதிரிப் பள்ளி நடத்தி, நூற்றுக்கணக்கான பிள்ளைகளை ஒரே உபாத்தியாயரின் கீழ் உட்கார வைத்தார். யார் முதலில் கண்டுபிடித்தது என்று இரண்டு கட்சிகளும் வருஷக்கணக்காகச் சண்டை போட்டன. நம் சட்டாம்பிள்ளையை யாரும் சாட்சிக்குக் கூப்பிடவில்லை. பெல் 1832இல் இறந்தபோது வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அடக்கம் செய்தார்கள். அவர் விட்டுச்சென்ற பணத்தில் செயின்ட் ஆண்ட்ரூஸில் ஏற்பட்ட பள்ளிக்கு 'மதராஸ் கல்லூரி' என்று பெயர். இன்றும் அது நடக்கிறது.

இவ்வளவு பரவிய முறை ஏன் தேய்ந்தது? அது பரவியதற்கு என்ன காரணமோ அதேதான் தேய்ந்ததற்கும் காரணம் என்பது என் அபிப்பிராயம். செலவு குறைவு. சட்டாம்பிள்ளைக்குச் சம்பளம் வேண்டாம். என்ன சொல்லிக் கொடுப்பது என்பதில் அவன் வாயைத் திறக்க வேண்டியதும் இல்லை. கொடுத்ததை அப்படியே ஒப்பிக்க வேண்டியதுதான். இங்கிலாந்து அரசாங்கமே இதை உணர்ந்து, 1846இல் பதின்மூன்று வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளை ஐந்து வருஷத்துக்கு மாணவ உபாத்தியாயர்களாக அமர்த்திக்கொண்டு, முதல் வருஷம் பத்துப் பவுன், கடைசி வருஷம் இருபது பவுன் என்று கூலி கொடுக்க ஏற்பாடு செய்தது. எட்டு வயதுப் பையனுக்கு மணலைத் தவிர ஒன்றும் கிடைக்கவில்லை.

அதே ஸ்காட்லாந்திலிருந்து ஜான் ஆண்டர்சன் என்ற இன்னொரு பாதிரியார் 1837இல் சென்னையில் ஒரு பள்ளிக்கூடம் தொடங்கினார். அதுவே பின்னால் ஜார்ஜ் டவுனில், உயர் நீதிமன்றத்துக்கு எதிரே, சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியாக வளர்ந்தது. பரிதிமாற் கலைஞரும் மறைமலையடிகளும் தமிழ் சொல்லிக் கொடுத்த கல்லூரி. மறைமலையடிகள் 1911இல் அந்த வேலையை விட்டு எங்கள் பல்லாவரத்துக்கு வந்து குடியேறி, 1950இல் காலமாகும்வரை அங்கேயே இருந்தார். பைசா பைசாவாகச் சேர்த்து வாங்கிய அவருடைய நாலாயிரம் புத்தகங்கள் 1958இல் பொது நூல்நிலையமாயின. சிறு பிள்ளையாக அந்தத் தெருவழியே போகும்போது, இங்கே இருந்த புத்தகமெல்லாம் பட்டணத்துக்குப் போய்விட்டதே என்று எனக்கு ஒரு வருத்தம் உண்டு.

அந்தக் கல்லூரிக்குச் சீர்காழியிலிருந்து படிக்க வந்தார் ஒரு பையன். 1892இல் பிறந்தவர். பேச்சில் திக்கல். கணக்கில் புலி. எட்வர்ட் ராஸ் என்ற கணிதப் பேராசிரியர் அவர்மேல் உயிராக இருந்தார். எம்.ஏ. முடித்து, சைதாப்பேட்டையில் உபாத்தியாயர் பயிற்சி பெற்று, மங்களூரிலும் கோயம்புத்தூரிலும் பிறகு சென்னை மாநிலக் கல்லூரியிலும் அந்தப் பையன் கணக்கு வாத்தியாராக இருந்தார். 1924 ஜனவரியில் சென்னை சர்வகலாசாலையின் முதல் லைப்ரேரியன் ஆனார். அவர்தான் எஸ். ஆர். ரங்கநாதன்.

லைப்ரேரியன் நாற்காலியில் உட்கார்ந்த சில நாளிலேயே அவருக்குச் சலித்துப் போயிற்று. மாணவர்கள் முகத்தைப் பார்த்தே பழகியவர். இங்கே வருவாரும் இல்லை, போவாரும் இல்லை. மாநிலக் கல்லூரிப் பிரின்சிபாலிடம் ஓடிப்போய், 'பழைய வேலையையே கொடுங்கள்' என்று கெஞ்சினாராம். 'முதலில் சீமைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வாரும். அப்போதும் பிடிக்காவிட்டால் சேர்த்துக்கொள்கிறேன்' என்று அவர் சமாதானம் சொல்லி அனுப்பினார். ரங்கநாதன் லண்டனில் படித்தார். குராய்டன் ஊர் லைப்ரேரியனான பெர்விக் சேயர்ஸ் அவருக்கு ஆசான். ஊர் ஊராகப் போய் நூல்நிலையங்களைப் பார்த்தார். குழந்தைகளும் தொழிலாளிகளும் உள்ளே நுழைந்து தாமே அலமாரியில் கை வைப்பதைக் கண்டார். அங்கேயும் அது பழைய வழக்கம் அல்ல. 1894இல் கிளார்க்கன்வெல் என்ற இடத்தில் ஜேம்ஸ் டஃப் பிரௌன் அலமாரிகளைத் திறந்துவிட்டபோது சக லைப்ரேரியன்களே அவரைத் திட்டினார்கள். புத்தகம் தொலையும் என்பதுதான் அவர்களுடைய கவலையும். கம்பி வலைக்கு எல்லா ஊரிலும் ஒரே நியாயம்.

1925இல் திரும்பி வந்தவர் மறுபடி கணக்குச் சொல்லிக் கொடுக்கப் போகவில்லை. ஏறத்தாழ இருபது வருஷம் அந்த நூல்நிலையமே அவருக்கு வீடு. கல்யாணமான அன்று மத்தியானமே வேலைக்கு வந்துவிட்டார் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். (அந்த அம்மாள் சாரதா என்ன சொன்னாரோ! பின்னால் சர்வகலாசாலைக்குத் தாம் கொடுத்த லட்ச ரூபாயில் நூலகத் துறைப் பேராசிரியர் பதவி ஒன்றை ஏற்படுத்தி, அதற்கு மனைவியின் பெயரையும் சேர்த்து வைத்தார் ரங்கநாதன். கணக்கு வாத்தியார் கடனைத் தீர்க்கிற விதம் அது.) அலமாரிகளைத் திறந்துவிட்டார். புத்தகத்தைத் தேடி வருகிறவன் பக்கத்தில் ஓர் ஆள் நிற்க வேண்டும் என்றார். அவன் கேட்பது என்ன என்று அவனுக்கே தெரியாமல் இருக்கும்போது, மணிக்கணக்கானாலும் கூடவே இருந்து தேடித்தர வேண்டும் என்றார். புதிதாக வரும் மாணவர்களுக்கு நூல்நிலையத்தைப் பழக்கிவிடுவதைத் தனி வேலையாகவே வகுத்தார்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த சம்பவம் 1928இல் நடந்தது. நூல்நிலையத்தில் செய்கிற நூறு காரியங்களையும் நாலைந்து விதிகளுக்குள் அடக்க முடியுமா என்று ரங்கநாதன் மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் சாயங்காலம் பழைய வாத்தியார் ராஸ் வழக்கம்போல எட்டிப் பார்த்தார். மாணவனின் முகத்தைக் கண்டு என்ன விஷயம் என்று கேட்டார். சொன்னார் ரங்கநாதன். கேட்ட மாத்திரத்தில், புத்தகம் இருப்பது பயன்படுவதற்காக என்பதுதானே உன் முதல் விதி என்று ராஸ் சொல்லிவிட்டார். அடைபட்டிருந்த மடை திறந்தது. மற்ற நான்கும் அதன்பின் வந்தன. அந்த வருஷ டிசம்பரில் சிதம்பரத்தில் ரங்கநாதன் அவற்றை எடுத்துச் சொன்னார். 1931இல் புத்தகமாக வெளிவந்து உலகம் முழுவதும் போயிற்று. நூல்நிலையக் கலையின் அந்த முதல் விதியைச் சொன்னவர் லைப்ரேரியன் அல்ல. ஒரு கணக்கு வாத்தியார் தம் மாணவனுக்குத் துணையாகப் பக்கத்தில் உட்கார்ந்தபோது பிறந்த விதி அது.

கிறிஸ்தவக் கல்லூரி தன் நூறாவது வருஷமான 1937இல் ஜார்ஜ் டவுனை விட்டுத் தாம்பரத்துக்கு வந்துவிட்டது. சேலையூர்ப் பக்கம் முன்னூறு ஏக்கருக்கு மேல் புதர்க்காடு. 1931இல் கடற்கரை ஸ்டேஷனிலிருந்து தாம்பரம்வரை மின்சார ரயில் ஓடத் தொடங்கியிராவிட்டால் அந்தக் காட்டுக்கு யார் படிக்க வந்திருப்பார்கள்? முன்னாள் பிரின்சிபால் வில்லியம் மில்லரின் பெயரால் அங்கே நூல்நிலையம் இருக்கிறது. இன்று அந்த ரயில் பாதையின் இரண்டு பக்கமும் கல்லூரிகள். ஒவ்வொன்றிலும் ஒரு நூல்நிலையம். 1972இல் காலமான ரங்கநாதன் இவற்றில் பலவற்றைப் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் முதலில் கம்பி வலை இருக்கிறதா என்றுதான் தேடியிருப்பார்.

வலை போய்விட்டது, சரி. ஆனால் எனக்கு ஒரு சந்தேகம் பாக்கி இருந்தது. மஞ்சள் அட்டை குத்திய அந்தப் பெண் யார்? பெல் துரையின் சட்டாம்பிள்ளையா? செலவைக் குறைப்பதற்காக வைத்த கூலியில்லாத ஆளா? அமெரிக்காவில் பெரியா என்று ஒரு கல்லூரி. அங்கே படிப்புக்குச் சம்பளம் வாங்குவதில்லை. அதற்குப் பதில் ஒவ்வொரு மாணவனும் வாரத்துக்குப் பத்து மணி நேரமாவது ஏதாவது வேலை செய்தாக வேண்டும். நூல்நிலையத்து வேலையும் அதில் உண்டு. வேலைக்குக் கூலியும் உண்டு. அது ஒரு நேர்மையான ஏற்பாடு. கூலியும் இல்லாமல், நம்பிக்கையும் இல்லாமல், 'கூட்டாளி' என்று அட்டை மட்டும் குத்திவிட்டால், அது என்னுடைய மதுராந்தகத்து அண்ணன் கதைதான்.

கூட்டத்துக்கு இன்னும் கால்மணி இருந்தது. அவளிடமே கேட்டுவிட்டேன். "உனக்கு என்னம்மா கிடைக்கிறது இதில்?"

"மாசம் கொஞ்சம் குடுப்பாங்க சார். பஸ்ஸுக்கு ஆகும்." பிறகு யோசித்து, "என்ன புக்கு வாங்கணும்னு பேசுற மீட்டிங்ல எங்கள்ல ரெண்டு பேர் உக்காருவோம்" என்றாள். கதைப் புத்தகங்கள் மாடியில் கடைசி அலமாரியில் இருந்தனவாம். அங்கே யாரும் ஏறுவதில்லை என்று இவர்கள் எழுதிக் கொடுத்த பிறகு கீழே வாசலுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தார்களாம். கையைக் காட்டினாள். ஆமாம், வாசலுக்குப் பக்கத்தில்தான் இருந்தன.

தயங்கித் தயங்கி, நான் கேட்க நினைத்ததைக் கேட்டேன். "புத்தகம் தொலைந்தால்?"

"தொலையும் சார்" என்றாள், மழை பெய்யும் என்பதுபோல. "போன வருஷம் எண்ணினப்பகூட முப்பது, நாப்பது கொறஞ்சுது. சார் லிஸ்ட்டை எங்ககிட்ட குடுத்து, நீங்க பாருங்கன்னாரு. பசங்க எங்க ஒளிச்சு வப்பாங்கன்னு எங்களுக்குத் தெரியும்ல? பரீட்சைக்கு வேணுங்கிற புக்கைச் சமையல் கலை அலமாரியில சொருகி வச்சிருந்தாங்க. பாதிக்கு மேல கிடைச்சுது."

நான் சும்மா இருந்தேன். என் காலத்துப் பதினொன்று எந்த அலமாரியில் இருந்தனவோ.

அவள் கதை அலமாரியின் பக்கம் போய் முதுகுகளைப் பார்த்துக்கொண்டே வந்தாள். முகத்தில் சங்கடம். "சார், உங்க புக்கு ஒண்ணுகூட இல்லையே. எழுதிப் போடட்டுமா?"

மேஜையிலிருந்த சீட்டுக் கட்டில் ஒன்றைக் கிழித்தாள். என் நாவல்களில் எது முதலில் படிக்க நல்லது என்று கேட்டாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஏதோ ஒன்றைச் சொன்னேன். எழுதிக்கொண்டாள். கீழே 'சிபாரிசு செய்பவர்' என்று அச்சடித்திருந்த இடத்தில் தன் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டு, லைப்ரேரியன் மேஜைமேல் கொண்டுபோய் வைத்தாள். அதற்குள் என்னைக் கூட்டத்துக்கு அழைக்க வந்துவிட்டார்கள்.